ஒன்பதே காலுக்கு வரும் கருடன்

கோழிக்குடலைக் கழுவ வேண்டாம் என்று பவித்ரன் சொன்னதும், செமோர் பசாரில் கோழி வெட்டிக்கொண்டிருந்த சீனக் கிழவர் கத்தியை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். நாய்க்கா என்று மலாயில் கேட்டார். நாய்க்குத்தான் என்று அவனும் மலாயிலேயே சொல்லிவைத்தான். அது முதல் நாள். பத்தாவது நாள் அவரே பிளாஸ்டிக் பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தார். முப்பதாவது நாள், அந்த நாயை ஒருதரம் கொண்டுவந்து காட்டேன் என்றார். இரவெல்லாம் தொழிற்சாலையில் மெஷின் பார்த்துவிட்டு, சிவந்த கண்ணோடு காலை ஏழரைக்கு வந்து நிற்கிறவனுக்கு ஒரு நாய்மேல் இத்தனை பாசமா என்று அவருக்கு ஆச்சரியம். பவித்ரன் சிரித்து மழுப்பிவிட்டு, பையைத் தன் சிவப்புக் காடியின் பின்சீட்டுக்கு அடியில் இருந்த ஐஸ்பெட்டியில் வைத்து மூடினான். அதே சீட்டின்மேல், துண்டில் சுற்றிய குழந்தை மாதிரி, அவனுடைய பெரிய லென்ஸ் படுத்திருந்தது.

அங்கிருந்து எட்டாங்கட்டைத் தோட்டம் பத்து நிமிடம். தோட்டம் என்பது இப்போது வெறும் வாய்ப்பழக்கம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையில் பாதியை அழித்து வரிசை வீடுகள் கட்டினார்கள், தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துச் சனங்களை ஈப்போவுக்கும் சிலிபினுக்கும் அனுப்பினார்கள். மிஞ்சியது மாரியம்மன் கோயிலும், அதற்குப் பின்னால் ஆயாக்கொட்டகையும்தான். ரப்பர்ப் பால் வெட்டப் போன பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம் அது. குழந்தைகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள், கொட்டகையின் தகரக்கூரை மட்டும் அப்படியே நின்றது. பவித்ரன் ஏணி வைத்து ஏறி, கோயில் பக்கமிருந்து பார்த்தால் தெரியாத பின்சரிவில் குடலைத் துண்டு துண்டாகப் பரப்புவான். ஒரு சின்ன ஸ்பீக்கரில் நாதஸ்வரத்தையும் தவிலையும் முழங்கவிடுவான். பிறகு கேமராவோடு கூரையின் மூலையில் ஒரு சாக்குப் படுதாவுக்குள் பதுங்கிக்கொள்வான். ஒன்பதே காலுக்குச் செம்பருந்து வரும். வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, மற்றதெல்லாம் செம்மண் நிறம். நம் சனங்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவை.

அந்தக் கோயிலின் கும்பாபிஷேக அழைப்பிதழில் கலசத்துக்கு நீர் ஊற்றும் நேரம் காலை 9.15 என்று போட்டிருந்தது. ஆகவே பருந்துக்கும் 9.15.

இதை ஒரே நாளில் பழக்கிவிட முடியாது. கோயிலிலிருந்து மூன்று கிலோமீட்டரில், ஈயம் தோண்டிவிட்டுப்போன பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பெரிய குட்டை ஒன்று இருக்கிறது. அதன் கரையில் காய்ந்த மரத்தில்தான் பருந்து ஜோடியின் கூடு. முதல் வாரம் குட்டைக்கரையிலேயே குடலை வைத்தான். அடுத்த வாரம் செம்பனைக் காட்டின் ஓரம். அப்புறம் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தரிசு நிலம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி, ஆண்பறவையைக் கொட்டகைக் கூரைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மேளத்துக்கு அது முதலில் மிரண்டது. சத்தத்தை மெல்லமெல்லக் கூட்டினான். கடைசியில் தவில் கேட்டால் சோறு என்று அதற்குப் புரிந்துபோயிற்று. நம்மில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிற காரணமும் அதுதானே என்று பவித்ரன் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஈப்போவில் பறவைப் படம் எடுக்கிறவர்களுக்குள் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. கிளேடாங் மலை அடிவாரத்தில் நாலு மாதம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொசுக்கடியில் கிடந்து, பாம்புக்கழுகு ஒன்று பச்சைப்பாம்பைக் காலில் பிடித்துக்கொண்டு எழும்புவதை எடுத்திருக்கிறான். பாம்பின் செதிலை எண்ணிவிடலாம், அவ்வளவு நெருக்கம். குழுவில் இருந்த பெர்னார்ட் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். அந்த பெர்னார்ட்தான் சொல்வான்: "எரை வச்சுக் கூப்பிட்டு எடுத்தா அது போட்டோ இல்ல மச்சான், பாஸ்போர்ட்டுப் படம்." பாகான் டத்தோ பக்கம் படகில் போய்க் கோழித்தோலை வீசிப் பருந்தைப் படமெடுக்கிறவர்களைப் பார்த்து அவனும் பவித்ரனும் காறித் துப்பாத குறை. இப்போது அந்தக் கோழித்தோல்காரர்களைவிட ஒரு படி கீழே இறங்கி, தினமும் கூரைமேல் குடல் பரப்பிக்கொண்டிருந்தான். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைப் பார்த்தால் தங்கச்சி புனிதாவின் மேல் விழுந்த பழி போகாது.

புனிதாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கும்பாபிஷேகம். அப்பா கோயில் செயலாளர். அவள் மஞ்சள் பாவாடை தாவணியில் தீர்த்தக்குடம் எடுத்து ஊர்வலத்தில் வந்துகொண்டிருக்கும்போதே, நாள் தள்ளி வரவேண்டியது முந்திக்கொண்டு வந்துவிட்டது. பயந்துபோனாள். அம்மா இல்லாத பெண். கோயில் அடுப்படியில் நின்ற முத்தம்மா அத்தையிடம் போய்க் காதோடு சொன்னாள். கோயில் தலைவர் இராமசாமி மாமாவின் மனைவி அவர். பின்பக்கம் கூட்டிப்போய், துணி கொடுத்து, முதுகைத் தடவி, யாருக்கும் தெரியாது போ என்று அனுப்பியதும் அவர்தான். அவர் கெட்டவர் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. அதற்குப் பிறகு குருக்கள் கலசத்தில் நீரை ஊற்றினார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கருடன் வரவில்லை. பதினொரு மணி வரைக்கும், வெயில் மண்டையைப் பிளக்க, எண்ணூறு பேர் கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்தார்கள். ஒரு காக்கா வந்தது, ஒரு விமானம் போனது. கருடன் மட்டும் வரவில்லை. என்ன குறை, யார் குறை என்று பேச்சு எழுந்தபோது முத்தம்மா அத்தையால் வாயை அடக்க முடியவில்லை.

அவ்வளவுதான். அப்பா மறுவாரமே பதவியை விட்டார், இரண்டாம் வருடம் உயிரை விட்டார். தோட்டம் விலைபோனதற்கு, அதை விற்றவர்களும் வாங்கியவர்களும் காரணமில்லை, பத்தொன்பது வயதுப் பெண்ணின் பாவாடை காரணம். லயம் இடிந்ததற்கும் அவள்தான். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு முறை, தைப்பிங்கிலிருந்து ஒரு முறை பெண் பார்க்க வந்தவர்கள், எந்தத் தோட்டம் என்று விசாரித்துவிட்டுக் காப்பியைப் பாதியில் வைத்துப் போனார்கள். எத்தனை நாக்கு இந்தச் சனங்களுக்கு, ஒன்றிலாவது நரம்பு வேண்டாமா! புனிதா இப்போது ஈப்போவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். முப்பத்தொரு வயது. கோயில் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

பவித்ரன் கேமராவைத் தூக்கியதே அந்தப் பழைய கும்பாபிஷேக வருடம்தான். வராத கருடன் எங்கேதான் இருக்கிறது என்று தேடிப் போனான். ஈயக் குட்டையில் கண்டுபிடித்தான். கூடு பல வருடத்துக் கூடு, சுள்ளி சுள்ளியாகக் கட்டி வீங்கியிருந்தது. அதாவது எண்ணூறு பேர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த அன்றைக்கு, மூன்று கிலோமீட்டர் தள்ளி, அது தன்பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்று கரையில் உட்கார்ந்து அவன் வயிறு எரிய அழுதான். பிறகு பறவை பிடித்துப்போய், அதிலேயே மூழ்கிவிட்டான் என்பது வேறு விஷயம். எரிச்சல் மட்டும் அடியில் கிடந்தது. அடுத்த கும்பாபிஷேக அழைப்பிதழ் கைக்கு வந்ததும் அது மேலே வந்துவிட்டது.

அவன் போட்ட கணக்கு சின்னது. இந்தத் தடவை புனிதா தீர்த்தக்குடத்தோடு யாகசாலைப் பக்கத்தில் நிற்க வேண்டும். எல்லாரும் பார்க்க, அவள் தலைக்கு மேலே கருடன் வட்டமிட வேண்டும். அப்புறம் எந்த வாய் பேசும்?

முதலில் இராமசாமி மாமாவைப் போய்ப் பார்த்தான். "தங்கச்சி ஒரு கொடம் எடுக்கட்டும் மாமா" என்றான். அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, "எடுக்கட்டும்லா, அது நம்ம புள்ளதானே. பழச யாரு இப்ப பேசுறா?" என்றார். நீதான் கோயில் போட்டோகாரன், எங்கே வேண்டுமானாலும் ஏறிக்கொள் என்றும் சொன்னார். புனிதாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் மேசையில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவ நீ வரணும் புனி."

"எதுக்கு? மறுபடியும் வரலன்னா இன்னொரு பன்னெண்டு வருசத்துக்கு என் தலையில கட்டறதுக்கா?"

"வரும்."

"ஒங்கிட்ட சொல்லிட்டு வருதா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். நுனி நாக்குவரை வந்தது. ஆனால் விஷயம் தெரிந்தால் அவள் வரமாட்டாள் என்று பயந்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. கருடன் வரும்போது அவள் நம்பி அண்ணாந்து பார்க்க வேண்டும், அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பன்னிரண்டு வருடமாகக் குனிந்தே பழகிய முகம். "அண்ணன நம்புலா" என்று மட்டும் சொன்னான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவளாகவே லிட்டில் இந்தியா பக்கம் போய் மாம்பழ நிறத்தில் ஒரு சேலை எடுத்துவந்தாள். அதைக் கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்த்ததை அவன் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் நகர்ந்துபோனான்.

கும்பாபிஷேகத்தன்று ஏழு மணிக்கே அவன் கூரைமேல் இருந்தான். புனிதா எட்டரைக்கு வாடகைக் காரில் வருவதாக ஏற்பாடு. பின்சரிவிலிருந்து பார்த்தால் கோபுரமும் கலசமும் யாகசாலையின் கூரையும் தெரியும், கோயில் வாசலின் தோரணவளைவு தெரியாது. கீழே ஆயிரம் பேருக்குக் குறையாது. பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பழைய தோட்டத்துச் சனங்கள் பிள்ளைகுட்டியோடு வந்திருந்தார்கள். அசல் நாதஸ்வரம் அவனுடைய ஸ்பீக்கரைவிடப் பத்து மடங்கு அலறியது. பருந்து மிரண்டு பறந்துவிடுமோ என்று அவன் செம்பனை வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது பத்துக்கு, முந்தின நாளே வாங்கி வைத்திருந்த குடலை எடுத்துப் பரப்பினான். கூரை சூட்டில் அது நாற ஆரம்பித்தது. கீழே குருக்கள்மார் மந்திரம் சொல்லிச் சாரத்தில் ஏறிக்கொண்டிருக்க, இருபதடி தள்ளி இங்கே ஒருவன் கோழிக்குடல் பரப்புகிறான். புனிதா செய்ததாகச் சொன்ன தீட்டெல்லாம் இதற்கு முன்னால் தூசு என்று நினைத்தான். மாரியம்மா, கோபம் வந்தால் என்மேல் வை என்று வாய்விட்டே சொன்னான்.

ஒன்பதே காலுக்கு அது வந்தது.

செம்பனை வரிசைக்கு மேலாகச் சிறகை அசைக்காமல் மிதந்து வந்தது. முதலில் ஒரு குழந்தை கத்தியது. பிறகு ஆயிரம் தொண்டையும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. கோவிந்தா என்றார்கள், தாயே என்றார்கள், கருடா கருடா என்று பெண்கள் தலைக்கு மேல் கைகூப்பி அழுதார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பறவை தயங்கிக் கலசத்துக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டு, மூன்று. மூன்று சுற்று! அதன் தயக்கம் அவர்களுக்கு ஆசீர்வாதமாகிவிட்டது. குருக்கள் நீரை ஊற்றினார். பவித்ரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, கண் நிறைந்து, வியூபைண்டர் மங்கியது. தான் வைத்த இரைக்குத்தான் வருகிறது என்று தெரிந்தும் அழுதான். அது சட்டென்று சிறகைக் குறுக்கிக் கூரையின் பின்பக்கம் இறங்கியது. அவனிடமிருந்து பத்தடி. மஞ்சள் கால் முன்னால் நீண்டது, நகம் விரிந்தது, கண்மணிக்குள் வானம் தெரிந்தது. ஷட்டரை விட்டு விரலை எடுக்கவில்லை. ஒரு நீளத் துண்டைக் காலில் பிடித்துக்கொண்டு அது எழும்பி, மறுபடியும் கலசத்துக்கு மேலாக, குடல் காற்றில் நெளிய நெளியப் பறந்துபோனது.

"பாம்பு! பாம்பப் புடிச்சிகிட்டுப் போவுது!" என்று யாரோ அலறினார்கள்.

அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாகவே இல்லை. இரண்டு பெண்களுக்கு அருள் வந்துவிட்டது. மைக்கில் ஒருவர், நாகத்தோடு வந்த கருடாழ்வார், மலேசியாவிலேயே இப்படி நடந்ததில்லை என்று முழங்கினார். பவித்ரன் கூரை விளிம்புக்கு ஊர்ந்துபோய் யாகசாலைப் பக்கம் மாம்பழ நிறத்தைத் தேடினான். குடம் வைத்திருந்த பெண்கள் ஒன்பது பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தான். புனிதா அதில் இல்லை.

மிச்சக் குடலை வழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி, சமையல் கொட்டகையைச் சுற்றி ஓடினான். அங்கே முத்தம்மா அத்தை பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு நடுவில் நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"நான்தான் அவள வளைவுலயே நிறுத்துனேன். கொடத்த வாங்கி எங்க வீட்டுப் புள்ள தினேஸ்வரி கையில குடுத்தேன். பாவமாத்தான் இருந்துச்சு, என்னா பண்றது? அன்னைக்கு அவ இருந்தா, வரல. இன்னைக்கு அவ இல்ல. வெறுங்காலோட இல்லம்மா, பாம்போட வந்துருச்சு!"

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி மூக்கின்மேல் விரல் வைத்தாள். பவித்ரன் கையிலிருந்த குடல் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பன்னிரண்டு வருடமாக அது வெறும் பழியாக இருந்தது. பழிக்கு மறுபேச்சு உண்டு, தற்செயல் என்று சொல்லலாம். இன்று அவனே, நாற்பத்தெட்டு நாள் தூக்கம் கெட்டு, அதற்குச் சாட்சி கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

அன்னதானப் பந்தலில் இராமசாமி மாமாவைப் பிடித்தான். கத்திச் சொல்லிவிடுவது என்ற வெறியோடுதான் போனான். "மாமா, அந்தப் பாம்பு..." என்று ஆரம்பித்தான். அவர் அவனை முடிக்க விடவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு, வெற்றிலை எச்சில் தெறிக்க அழுதார். "ஒங்கப்பன் இதப் பாக்கல பவி. அவன் போனதுலேருந்து நான் ஒழுங்கா தூங்குனதில்லடா." அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தணித்து, "தங்கச்சிக்கும் ஒரு பரிகாரம் பண்ணிருவோம். ஐயர்கிட்ட கேட்டுட்டேன், சின்னதுதான், சுசா, செரமம்லாம் ஒண்ணுமில்ல" என்றார்.  உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பது பவித்ரனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. புனிதாவுக்கு விடுதலை கிடைக்காது. தங்கச்சி தீட்டோடு குடம் எடுத்தவள், அண்ணன் கோயில் கூரையில் கோழிக்குடல் போட்டவன், அந்தக் குடும்பமே அப்படி என்பார்கள். ஆயிரம் பேர் அழுத அழுகையை வேறு பறித்துக்கொண்ட பாவம் சேரும். மாமா அவன் கையில் ஒரு இலையைத் திணித்துச் சாப்பிடச் சொன்னார்.

புனிதா வளைவுக்கு வெளியே, அவனுடைய சிவப்புக் காடியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். புதுச்சேலை கசங்கவே இல்லை. வைத்த பூ வைத்தபடி இருந்தது.

"வந்துச்சு, பாத்தேன்" என்றாள்.  காடி சிலிபின் வீட்டுக்கு வந்து சேர்கிறவரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

சாயங்காலம் மாமா போனில் கூப்பிட்டார். வளைவில் மாட்டப் பன்னிரண்டடிக்குப் பேனர் அடிக்கப்போகிறார்களாம், பாம்பு நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம், நாளைக்குள் வேண்டுமாம். பவித்ரன் கணினியைத் திறந்தான். இத்தனை வருடத்தில் அவன் எடுத்ததிலேயே அதுதான் நெருக்கமான படம். இறகின் ஒவ்வொரு நரம்பும், நகத்தின் கறுப்பில் விழுந்த வெயிலும் தெரிந்தன. காலில் தொங்கியதும் தெரிந்தது. கைப்பேசியில் பார்த்தால் பாம்பு, பன்னிரண்டடியில் பார்த்தால் மஞ்சள் கொழுப்பு ஒட்டிய கோழிக்குடல். யோசித்து யோசித்துக் கடைசியில் கிளேடாங் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். நாலு மாதம் காத்துக் கிடந்து, இரை வைக்காமல் எடுத்த அந்தப் பாம்புக்கழுகின் பாம்பை வெட்டி எடுத்து, இந்தக் கருடனின் காலில் ஒட்டத் தொடங்கினான். பாம்பு கச்சிதமாகப் பொருந்தியது. பெர்னார்ட்டின் முகம் ஒருதரம் கண்ணுக்கு முன்னால் வந்துபோனது.

தேத்தண்ணி கொண்டுவந்த புனிதா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. பாதிப் பாம்பும் பாதிக் குடலுமாகத் திரையில் கிடந்தது.

"கோழிக்கொடல்தானே அது?" என்றாள். ஞாயிறு தவறாமல் கோழி சுத்தம் செய்கிறவளை ஏமாற்ற முடியுமா?

"ஆமா."

"எத்தன நாளா?"

"நாப்பத்தெட்டு."

அவள் சிரித்தாள். ஒரு மண்டலம் விரதமா என்று கேட்டுவிட்டு, கோப்பையில் தேத்தண்ணி தளும்பத் தளும்பச் சிரித்தாள். அவனும் கூடச் சிரிக்கப் போனான். அதற்குள் அவள் நிறுத்திவிட்டாள். கோப்பையை மேசையில் வைத்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா, அந்த வளைவுல நிக்கிறப்ப சிரிச்சிகிட்டாவது நின்னுருப்பேன்லா. நானும் மேல பாத்துக் கும்புட்டேண்ணே. நான் உள்ள போகாததாலதான் வந்துச்சோன்னு, நானே நெனச்சேன். ராத்திரிக்கு, மாமா எங்கிட்டயும் சொன்ன அந்தப் பரிகாரத்துக்கு ஒத்துக்கலாம்னு இருந்தேன்."

"எல்லாம் ஒனக்காகத்தான் புனி..."

"எனக்காகன்னா, அது வந்தா என்ன, வராட்டி என்னன்னு சொல்லியிருக்கணும். அது வந்தாதான் நான் சுத்தம்னு அவங்க நம்புனாங்க. நீயும்தான் நம்பியிருக்க."

 அப்படியில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வந்தது, அப்படித்தான் என்று மனம் சொன்னது. அவள் உள்ளே போய், குளிர்பெட்டியைத் திறந்து, ஐஸ்பெட்டியிலிருந்து அவன் அங்கே மாற்றி வைத்திருந்த மிச்சக் குடல் பையைத் தேடி எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தாள்.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ" என்றாள்.

மறுநாள் காலை மண்டல பூசை தொடங்கியிருந்தது. முந்தின நாள் சேதி காட்டுத்தீயாகப் பரவியதில், வேலைநாளிலும் நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பவித்ரன் காடியை வளைவுக்கு எதிரே நிறுத்தினான். ஏன் வந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. புனிதா பக்கத்து இருக்கையில், மருந்துக்கடைச் சட்டையில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குள் தவில் தொடங்கியது. ஒன்பதே காலுக்குச் செம்பனை வரிசைக்கு மேலே அது மிதந்து வந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். முன்வரிசையில் இராமசாமி மாமா, அவர் பக்கத்தில் தலைக்கு மேல் கைகூப்பியபடி முத்தம்மா அத்தை. இன்னைக்கும் வந்துருச்சு, இன்னைக்கும் வந்துருச்சு என்ற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

பறவை நேராகக் கொட்டகைக் கூரைக்குப் போனது. வெறுந்தகரத்தில் இரண்டு மூன்றுதரம் தாழ்ந்து பார்த்துவிட்டு எழும்பியது. கலசத்துக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. கைக்குழந்தை பாலுக்கு அழுகிற மாதிரி மெலிந்த, இழுத்த சத்தம். கீழே அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புனிதா கதவைத் திறந்து இறங்கினாள்.

"வேணாம் புனி" என்றான் பவித்ரன். அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. நேற்று நிறுத்திவைக்கப்பட்ட அதே இடத்தில், வளைவுக்கு நேர்கீழே போய் நின்றாள். பையின் முடிச்சை அவிழ்த்து, வெறுங்கையால் நீளமாக ஒன்றை எடுத்து, கையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். உருகிய தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. அவள் அண்ணாந்து பார்த்தாள்.

பருந்து வட்டத்தை முறித்துக்கொண்டு சரிந்தது. கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக, தாழ்வாக, வளைவை நோக்கி வந்தது. பார்த்துக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் அதன் பின்னாலேயே திரும்பின. புனிதாவின் பின்னாலேயே இறங்கி வந்திருந்த பவித்ரன் பழக்கதோஷத்தில் கழுத்திலிருந்த கேமராவைத் தூக்கிவிட்டான். அவனுக்கு நாலடி தூரத்தில் புனிதா நின்றாள், பறவை அவள் கைக்கு ஓரடியில் காலை நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய லென்ஸுக்கு அவ்வளவு நெருக்கத்தில் கண் தெரியாது. அதன் போகஸ் முன்னும் பின்னுமாக ஓடித் தேடியது. தங்கச்சியின் கை மங்கலாக, சிறகு செம்மண் கலங்கிய தண்ணீராக நிறைந்தன. கடைசியில் லென்ஸ் அவர்களை விட்டுவிட்டுத் தூரத்தில் போய் நின்றது. அங்கே, முற்றத்தின் முன்வரிசையில், வளைவுப் பக்கம் திரும்பிவிட்ட முத்தம்மா அத்தையின் கூப்பிய இரண்டு கைகளும், வளையலோடு, நரம்போடு, துல்லியமாகத் தெரிந்தன. அவர் இன்னும் கையை இறக்கவில்லை.